காதைத் தொட்டா அஞ்சு வயசு

அந்தப் பையனுக்கு மூணு வயசு. மூணு வருஷம்னு அர்த்தம் இல்லீங்க, மூணு விதமான வயசு. பள்ளிக்கூட டி.சி. படி 14 வருஷம் 5 மாசம். டாக்டர் எழுதிக் கொடுத்தது '14க்கு மேல், 16க்குள்'. பெத்த அம்மா சொன்ன கணக்குல 13. 2012 நவம்பர்ல ஓசூர்ல ஒரு டூவீலர் மெக்கானிக் ஷெட்டுல ஆரம்பிச்ச கூத்து இது. நானும் அங்கே ஒரு ஓரமா நின்னேன். ஓரமா நின்னேன்னு சொல்றதுகூட முழு உண்மை இல்ல. அதைப் பிறகு சொல்றேன்.

ஓசூரைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இந்தப் பக்கம் பெங்களூர் 40 கிலோமீட்டர், அந்தப் பக்கம் மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர். ஜூஜூவாடி தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா வந்துடும். டி.வி.எஸ்., லேலண்டு, டைட்டன்னு பெரிய கம்பெனிங்க, அதுங்களைச் சுத்தி நூத்துக்கணக்குல சின்னப் பட்டறைங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஒரே டீக்கடையில கேட்கும். 1965 வரைக்கும் சேலம் மாவட்டம், அப்புறம் தர்மபுரி மாவட்டம், 2004 பிப்ரவரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம். ஊர் நகரவே இல்ல, மாவட்டம் மட்டும் ரெண்டு தடவை மாறிடுச்சு.

ஷெட்டுக்காரர் என் சிநேகிதர். நான் அப்போ சிப்காட்டுல ஒரு கம்பெனியில டைம் ஆபீஸ் பார்த்துட்டிருந்தேன். "பேப்பர் விஷயம் தெரிஞ்சவன், கொஞ்சம் வாய்யா"ன்னு போன் பண்ணார். போனா லேபர் இன்ஸ்பெக்டர் ஒருத்தர், ஒரு ஏட்டு, தொண்டு நிறுவனத்துலேர்ந்து வந்த ஒரு சின்னப் பொண்ணு, தளி பக்கத்துலேர்ந்து பஸ் ஏறி வந்திருந்த பையனோட அம்மா. பையன் கையில கிரீஸோட ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தான். எல்லாரும் அவனுக்கு நல்லது செய்யத்தான் வந்திருந்தாங்க, எங்க சிநேகிதரையும் என்னையும் தவிர. ஆனா அந்த நாலு பேருக்குள்ள ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்கு ஒத்துக்கலை. இன்ஸ்பெக்டருக்கு 14க்குக் கீழேன்னு நிரூபணம் வேணும், இல்லேன்னா கேஸ் நிக்காது. ஏட்டுக்கு எஃப்.ஐ.ஆர்.ல எழுத ஒரே ஒரு வயசு வேணும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா அவர் ரெண்டு வயசு அகலத்துக்கு ஒரு பதில் எழுதினார். அந்தப் பொண்ணு மட்டும் "சார், பதினெட்டுக்குக் கீழதானே, குழந்தைகள் நலக் குழுகிட்ட கூட்டிட்டுப் போயிடலாம்"னு திரும்பத் திரும்பச் சொல்லிச்சு. கூட்டத்துலேயே வயசு கம்மி அதுக்குத்தான். யாரும் காதுல வாங்கலை.

ஒரு குழந்தைக்காக வேலை பார்க்கிறவங்களுக்குள்ள சண்டை வந்தா கடைசி வார்த்தை யாரோடது? இந்தக் கேள்வி அன்னைக்கு என் மண்டைக்குள்ள பூந்தது. அப்புறம் கிடைச்சதையெல்லாம் படிச்சேன். படிச்சதுல பாதி ஆச்சரியம், பாதி அவமானம்.

முதல்ல காதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். என் தலைமுறைக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கப் போனா ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டா அஞ்சு வயசு. எட்டலைன்னா அடுத்த வருஷம் வா. பிறந்த தேதியை அவரே ஒண்ணு போட்டுப்பார், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனுக்குத் தோதா. எங்க கம்பெனி ரெஜிஸ்டரைப் புரட்டினா மே, ஜூன்ல பிறந்தவங்கதான் பெருங்கூட்டம். ஒரு வருஷம் மே 31 அன்னைக்கு ஒரே மேடையில ஆறு பேருக்குச் சால்வை போட்டோம் :-) உங்க வீட்டுல அப்பா, சித்தப்பா எல்லாரும் எந்த மாசம் பிறந்தவங்கன்னு பாருங்க, தெரியும்.

கேலி பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். காது தொடுறது நம்ம ஊர் அறியாமை மட்டும் இல்ல. இங்கிலாந்துக்காரன் பல்லைப் பார்த்தான்.

1833ல அங்கே ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 9 வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தை துணி மில்லுல வேலை செய்யக் கூடாது, 9லேர்ந்து 13 வரைக்கும் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல கூடாது. சரி, வயசை எப்படித் தெரிஞ்சுக்கிறது? இங்கிலாந்துல அரசாங்கப் பிறப்புப் பதிவே 1837லதான் ஆரம்பிக்குது. அதனால ஒரு டாக்டர் பார்த்து, சாதாரணமா இந்த வயசுப் பிள்ளைக்கு இருக்கிற பலமும் தோற்றமும் இருக்குன்னு சர்ட்டிபிகேட் கொடுக்கணும். உயரத்தை வெச்சு அளக்கலாம்னு சிலர் சொன்னாங்க. 1837ல எட்வின் சாண்டர்ஸ்னு ஒரு பல் டாக்டர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைங்களோட வாயைத் திறந்து பார்த்துட்டு, உயரத்தைவிடப் பல்லுதான் நம்பகமான சாட்சின்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். மில்லுக்காரனுக்கு ஆள் வேணும், அப்பன் ஆத்தாளுக்குக் கூலி வேணும், இன்ஸ்பெக்டருக்குச் சட்டம் நிக்கணும். நடுவுல டாக்டர். யார் சர்ட்டிபிகேட் எழுதினாலும் செல்லும்னு இருந்ததால, மில்லுக்காரனுக்குத் தோதான டாக்டர் கிடைக்கிறது கஷ்டமா இல்ல. அதனால 1844ல சட்டத்தை மாத்தி, சான்று கொடுக்கிற டாக்டரை நியமிக்கிற அதிகாரத்தை இன்ஸ்பெக்டர்கிட்ட கொடுத்தாங்க. சண்டையைத் தீர்க்க அவங்க கண்டுபிடிச்ச வழி அதுதான். உண்மை என்னன்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியப் போறதில்ல, குறைஞ்சபட்சம் தீர்ப்புச் சொல்றவன் மில்லுக்காரன் ஆளா இருக்க வேண்டாம்.

அதே டாக்டர்தான் கப்பலேறி இங்கேயும் வந்தார். 1881ல இந்தியாவுக்கான முதல் தொழிற்சாலைச் சட்டம்: 7 வயசுக்குக் கீழே கூடாது, 7லேர்ந்து 12 வரைக்கும் ஒன்பது மணி நேரம். 1891ல அதை 9, 14ன்னு ஏத்தினாங்க. 1922ல 12, 15. ஒவ்வொரு தடவையும் கோடு நகர்ந்தது, கோட்டுக்கு எந்தப் பக்கம் பிள்ளை நிக்குதுன்னு சொல்ற டாக்டர் மட்டும் அப்படியே இருந்தார். 1948 தொழிற்சாலைச் சட்டத்துலேயும் அவர் இருந்தார்.

இதெல்லாம் பெரிய ஆலைக்கு. பட்டறை, பீடிக் கம்பெனி, தறிக்கூடம் எல்லாம் இந்தச் சட்டங்களோட வெளிச்சத்துக்கே வரலை. அஞ்சு வயசுப் பிள்ளைங்ககூட பீடிப் பட்டறையில உட்கார்ந்திருக்கிறதை 1931ல வெளிவந்த விட்லி கமிஷன் அறிக்கை எழுதி வெச்சிருக்கு. அதுக்கப்புறம்தான் பிள்ளைங்க உழைப்பை அடகு வெக்கிறதைத் தடுக்க 1933ல ஒரு சட்டமும், 1938ல குழந்தை வேலைச் சட்டமும் வந்தது.

இன்னொரு பக்கம், வேலைக்குப் போகாட்டியும் நாதியில்லாம திரியற பிள்ளைங்களுக்கு ஒரு சட்டம் வேணும்னு முதல்ல நினைச்ச மாகாணம் நம்ம சென்னைதான். 1920 சென்னைக் குழந்தைகள் சட்டம். வங்காளம் 1922லேயும் பம்பாய் 1924லேயும் பின்னாடி வந்தாங்க. பெருமைதான். ஆனா அதுல முடிவு எடுக்கிறவர் மாஜிஸ்திரேட். தனி ஆள். கருத்து வேறுபாடு வர வாய்ப்பே இல்ல, ஏன்னா கேட்கிறதுக்கு இன்னொரு தலையே பெஞ்சுல இல்ல! ஒரு குழந்தையைப் பத்தின முடிவை ஒரு நீதிபதி மட்டும் எடுக்கக் கூடாது, சமூக சேவை தெரிஞ்சவங்களும் கூட உட்காரணும்னு ஒரு எண்ணம் மெதுவாத்தான் வந்தது. 1960ல யூனியன் பிரதேசங்களுக்குப் போட்ட குழந்தைகள் சட்டத்துல குழந்தை நல வாரியம் வந்தது. 1986ல நாடு முழுக்க ஒரே சட்டமா சிறார் நீதிச் சட்டம் வந்தப்போ எல்லா மாநிலத்துக்கும் அதே மாதிரி வாரியம்.

நாலு தலை கூடினா நாலு கருத்து வரும்னு சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால 1986 சட்டத்துலேயே எழுதிட்டாங்க: உறுப்பினர்களுக்குள்ள கருத்து மாறினா பெரும்பான்மை சொல்றது செல்லும். பெரும்பான்மை இல்லேன்னா தலைவர் சொல்றது செல்லும். இந்த ஒரு வாக்கியம் 2000 சட்டத்துக்கும் 2015 சட்டத்துக்கும் அப்படியே நடந்து வந்திருக்கு. இப்போ குழந்தைகள் நலக் குழுவுல தலைவரோட சேர்த்து அஞ்சு பேர், அதுல ஒரு பெண்ணாவது கட்டாயம். கடைசி முடிவு எடுக்கிற அன்னைக்குக் குறைஞ்சது மூணு பேர் இருக்கணும்.

நான் கவனிக்காம விட்ட விஷயம் ஒண்ணு உண்டு. அதே 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தது. ஒரே பார்லிமெண்ட், ஒரே வருஷம். ஆனா வயசுல சந்தேகம் வந்தா யாரைக் கேட்கணும்னு ரெண்டும் ஒரே பதில் சொல்லலை. தொழிலாளர் சட்டம் 10வது பிரிவுல சொல்லுது: இன்ஸ்பெக்டருக்கும் முதலாளிக்கும் தகராறுன்னா, வயசுச் சான்று இல்லாத பட்சத்துல, டாக்டர்கிட்ட அனுப்பு. அந்தப் பழைய 1881 டாக்டர்! சிறார் சட்டமோ சாட்சியத்தை வாங்கி விசாரிச்சு நீயே முடிவு பண்ணுன்னு வாரியத்துகிட்ட விட்டுடுச்சு. போதாக்குறைக்கு அங்கே குழந்தைன்னா 14, இங்கே பையன்னா 16, பொண்ணுன்னா 18. ரெண்டு ஆபீஸர் ஒரே பிள்ளையைப் பார்த்துட்டு ரெண்டு பேரும் சட்டப்படி சரியா இருந்துக்கிட்டே சண்டை போடலாம்.

சண்டைக்குப் பணமும் சேர்ந்துச்சு. 1996 டிசம்பர் 10, சிவகாசி விஷயமா எம்.சி. மேத்தா போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வெச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும். நல்ல தீர்ப்பு. ஆனா அன்னையிலேர்ந்து 14ங்கிற எண்ணுக்கு 20,000 ரூபாய் விலை வந்துடுச்சு. எங்க பக்கம் பட்டறைக்காரங்க டி.சி. ஜெராக்ஸை சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வெக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். 2012ல எங்க சிநேகிதர் பதறினதுக்கும் அதான் காரணம்.

2000 சட்டத்துல பையன், பொண்ணு ரெண்டு பேருக்கும் 18ன்னு ஆக்கினாங்க. 2006 திருத்தத்துல வேலை செய்யற குழந்தையையும் தெருக் குழந்தையையும் பாதுகாப்பு தேவைப்படற குழந்தைன்னு பேர் சொல்லியே சேர்த்தாங்க, மாவட்டத்துக்கு ஒரு குழு கட்டாயம்னும் சொன்னாங்க. 2007 விதிகள்ல 12வது விதி வந்தது. எந்தக் காகிதம் முதல்ல, எது அடுத்து, எது கடைசின்னு வரிசை போட்டது அந்த விதிதான். மெட்ரிக் சர்ட்டிபிகேட் முதல்ல. இல்லேன்னா முதன்முதல்ல படிச்ச பள்ளிக்கூடத்தோட பிறந்த தேதிச் சான்று ('பிளே ஸ்கூல் நீங்கலாக'ன்னு அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்காங்க, யாரோ முயற்சி பண்ணியிருப்பாங்க போல). அதுவும் இல்லேன்னா நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்று. இது எதுவுமே இல்லேன்னாத்தான் டாக்டர். நூறு வருஷத்துக்கு மேல முதல் நாற்காலியில உட்கார்ந்திருந்த டாக்டரைக் கடைசி நாற்காலிக்கு அனுப்பிட்டாங்க!

டாக்டர் மேல கோபம் இல்ல. எலும்பு அவ்வளவுதான் சொல்லும். எக்ஸ்ரேல வர்ற வயசுக்கு இந்தப் பக்கம் ரெண்டு வருஷம், அந்தப் பக்கம் ரெண்டு வருஷம் தள்ளுபடி உண்டுன்னு 1982லேயே ஜெயா மாலா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எங்க டாக்டர் 14க்கும் 16க்கும் நடுவுலன்னு எழுதினார் பாருங்க, அந்தத் தள்ளுபடியைச் சேர்த்தா 12லேர்ந்து 18 வரைக்கும் எது வேணா. மூணு மணி நேரம் ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார வெச்சு வாங்கின பதில் அது.

2015 சட்டத்துல இந்த வரிசையை விதியிலேர்ந்து தூக்கிச் சட்டத்துக்குள்ளேயே, 94வது பிரிவா வெச்சாங்க. பார்த்தாலே குழந்தைன்னு தெரிஞ்சா காகிதத்துக்காகக் காத்திருக்காதே, உத்தேச வயசை எழுதிட்டு வேலையைப் பாருன்னும் அதுல இருக்கு. எலும்புச் சோதனைன்னா 15 நாளுக்குள்ள முடிக்கணும். குழு எழுதின வயசுதான் அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பிள்ளையோட உண்மையான வயசு.

ஆனா காகிதம் ஜெயிச்சா குழந்தை ஜெயிச்சதா அர்த்தமில்ல. நான் காலம் பூரா நம்பின டி.சி. கதையைக் கேளுங்க. 2023 ஜூலையில, தமிழ்நாட்டுலேர்ந்து போன ஒரு போக்சோ வழக்குல, டி.சி.யும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் 94வது பிரிவு கேட்கிற சான்று ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அங்கே டி.சி. படி பொண்ணு 18க்குக் கீழே, டாக்டர் கணக்குப்படி 18க்கு மேல. டாக்டர் ஜெயிச்சார், தண்டனை ரத்து. 2024 அக்டோபர்ல, ஒரு விபத்து வழக்குல, ஆதாரும் பிறந்த தேதிக்குச் சான்று இல்லன்னு சொன்னாங்க. ஒரு வழக்குல பிள்ளையைக் காப்பாத்தற அளவுகோல் இன்னொரு வழக்குல வேற யாரையோ காப்பாத்தும். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறக்கிறவங்களுக்குப் பிறப்புச் சான்றே எல்லாத்துக்கும் போதும்னு சட்டம் திருத்தியாச்சு. அந்தப் பிள்ளைங்க வளர்ந்து வர்றவரைக்கும் இந்தக் கூத்து ஓடும்.

எல்லை வேற இருக்கே, அதையும் சொல்லிடறேன். கர்நாடகாக்காரப் பிள்ளை ஓசூர்ல கிடைச்சா கிருஷ்ணகிரிக் குழு பார்க்கணும். ஆனா சொந்த மாவட்டத்துக் குழுவோட கலந்து பேசி, குழந்தைக்கு அதுதான் நல்லதுன்னு தோணினா அங்கே அனுப்பணும், பொண்ணுன்னா கூடவே பெண் போலீஸ் போகணும்னு 95வது பிரிவு சொல்லுது. இந்தக் 'கலந்து பேசி'ங்கிற சொல்லைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். ஆனா கலந்து பேசறவங்க கையில இருக்கிற சட்டமே வேறயா இருந்தா? குழந்தைத் திருமணத்தையே எடுத்துக்குங்க. 2006 மத்திய சட்டப்படி தமிழ்நாட்டுல அந்தக் கல்யாணம் தானா செல்லாமப் போகாது, குழந்தையா இருந்தவங்க கோர்ட்டுக்குப் போய்க் கேட்டாத்தான் ரத்து. கர்நாடகாவுல 2016 திருத்தம் கொண்டுவந்து ஆரம்பத்துலேர்ந்தே செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க. அஞ்செட்டிப் பொண்ணுக்குத் தாலி அந்தப் பக்கம் ஆனேக்கல்ல கட்டினா ஒண்ணு, இந்தப் பக்கம் தேன்கனிக்கோட்டையில கட்டினா ஒண்ணு. ரெண்டு மாநில அதிகாரிகளும் நல்லவங்களாவே இருந்தாலும் பேச்சை எங்கேருந்து ஆரம்பிப்பாங்க?

குழுவோட முடிவு பிடிக்கலைன்னா என்ன வழி? 30 நாளுக்குள்ள குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். குழு மேல குறை இருந்தா மாவட்ட ஆட்சியர்கிட்ட சொல்லலாம். எல்லாம் இருக்கு. ஆனா 101வது பிரிவுக்குள்ள ஒரு வரி ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. 'இவன் பாதுகாப்பு தேவைப்படற குழந்தை இல்லை'ன்னு குழு சொல்லிட்டா, அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. ஹைகோர்ட்டுல ரிட் போடலாம், தளியிலேர்ந்து பஸ் ஏறி வர்ற அம்மாவுக்கு அது எவ்வளவு தூரம்னு நினைச்சுப் பாருங்க. உள்ளே எடுத்துக்கிட்ட குழந்தைக்காகச் சண்டை போட ஆயிரம் கதவு. வெளியே நிறுத்தின குழந்தைக்கு அங்கேயே முடிஞ்சுபோச்சு.

குழு வரைக்கும் போகவே விடாத குழந்தைக்கு அதுவும் இல்ல.

அன்னைக்கு நடந்தது இதுதான். அந்த அம்மாவுக்குத் தமிழ் சரியா வராது, இன்ஸ்பெக்டருக்குக் கன்னடம் வராது. நான்தான் நடுவுல மொழிபெயர்த்தேன். பையன் எப்போ பிறந்தான்னு கேட்டதுக்கு அந்த அம்மா சொன்னாங்க, ராஜ்குமாரை வீரப்பன் தூக்கிட்டுப் போனப்போ இவன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிருந்தான்னு. ராஜ்குமாரைத் தூக்கினது 2000 ஜூலை 30. பிள்ளை நடக்கிறது ஒரு வயசுல. 1999 நடுவுல பிறந்திருக்கான், 2012 நவம்பர்ல 13. எந்த டி.சி.யைவிடவும் துல்லியமான தேதி அது. எனக்கு உடனே புரிஞ்சுது. டி.சி.ல இருந்த 1998 ஜூன் எப்படி வந்துச்சுன்னும் அந்த அம்மா அப்பவே சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அக்காவோட சேர்ந்து பள்ளிக்கூடம் போகணும்னு அடம் பிடிச்சானாம். இவனுக்குக் கை கொஞ்சம் நீளம், காது எட்டிடுச்சாம்.

நான் இன்ஸ்பெக்டர்கிட்ட திரும்பி, "அவங்களுக்குச் சரியா ஞாபகம் இல்லையாம் சார், டி.சி.ல இருக்கிறதுதான் கரெக்டுன்றாங்க"ன்னு சொன்னேன்.

அப்போ இருந்த விதிப்படி பார்த்தாலும் பள்ளிக்கூடக் காகிதம்தான் அம்மா வார்த்தைக்கு முன்னாடி நின்னிருக்கும், அதனால நான் சொன்னதால எதுவும் மாறியிருக்காதுன்னு பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆனா 13ஆ 14ஆன்னு நாங்க சாயங்காலம் வரைக்கும் மல்லுக்கட்டினதே தேவையில்லாத சண்டை. ரெண்டுல எது ஆனாலும் அவன் 18க்குக் கீழே, வேலை செய்யற குழந்தை. 24 மணி நேரத்துக்குள்ள கிருஷ்ணகிரியில குழு முன்னாடி நிறுத்தியிருக்கணும். அந்தத் தொண்டு நிறுவனத்துப் பொண்ணு காலையிலேர்ந்து அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு.

14க்கு மேலன்னு எழுதிக் கையெழுத்தாச்சு. இன்ஸ்பெக்டர் கிளம்பினார், ஏட்டு கிளம்பினார். அந்தப் பொண்ணு மட்டும் பையனோட ஊர், அம்மா பேர் எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு, கடைசி வரைக்கும் என் முகத்தைப் பார்க்காம போச்சு. அதுக்குக் கன்னடம் தெரியுமான்னு நான் கேட்கவே இல்ல. பையன் கையைக் கழுவிட்டு வந்து, ஸ்டாண்டுல நின்ன ஒரு எக்ஸ்.எல். வண்டிக்குப் பின்சக்கரம் கழட்ட உட்கார்ந்தான்.

அடுத்த வருஷம் ஷெட்டை மூடிட்டு சிநேகிதர் பொம்மசந்திரா பக்கம் போயிட்டார். பையன் எங்கே போனான்னு கேட்டேன். வீட்டுக்குப் போயிட்டான்னார்.